ஏரிக்கு மீன் விட்டவர்கள்

எங்கள் ஏரியில் கவர்மெண்டு மீன் விட்ட வருஷம் நைனாவுக்கு வேலை இல்லை. அவர் நெல் அவித்துக்கொண்டிருந்த ரைஸ் மில்லைப் பூட்டிவிட்டார்கள். முதலாளியின் பிள்ளைகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு என்றார்கள். வழக்கு முடிந்ததும் திறந்துவிடுவார்கள் என்று நைனா ஆரம்பத்தில் தினமும் சட்டை போட்டுக்கொண்டு மில் வாசல்வரை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு சட்டை போடுவதை விட்டார். அப்புறம் போவதையும் விட்டார்.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. தொழிற்பேட்டை வரப்போகிறது, இரும்புக் கம்பெனி வரப்போகிறது, வீட்டுக்கு ஓர் ஆளுக்கு வேலை நிச்சயம் என்று எழுபதுகளின் நடுவில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. வந்ததென்னவோ அளவுக்கல் நடுகிறவர்கள் மட்டும்தான். கல்லை நட்டார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். ஆடுகள் அந்தக் கற்களில் முதுகைச் சொறிந்துகொண்டன.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நைனா, அம்மா, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகள் நான், அப்புறம் அம்மாவின் தம்பியான மாமா. பெற்றவர்கள் போன பிறகு மாமாவை வளர்த்தது அம்மாதான். கல்யாணமாகி வரும்போது பாத்திரம் பண்டத்தோடு தம்பியையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டாள் என்று நைனா கேலி செய்வார். மாமாவும் அக்கா புருஷனை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார். ஆக எங்கள் வீட்டில் நான் கூப்பிடுகிற மாமா ஒருவர், அந்த மாமா கூப்பிடுகிற மாமா ஒருவர். இரண்டு பேரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள். சாயங்காலமானால் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார்கள். கெளுத்தி கிடைக்கும், குறவை கிடைக்கும், நல்ல நாளாக இருந்தால் விரால் கிடைக்கும். ஏரி மீனுக்குச் சொந்தக்காரர் என்று அப்போது யாரும் இல்லை. யார் தூண்டிலில் மாட்டுகிறதோ அவருடையது.

மாமா எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். ஊருக்கு யாராவது அதிகாரி வந்தால் பேசுவதற்கு அவரைத்தான் முன்னால் தள்ளுவார்கள். ஒருநாள் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து வேகவேகமாக வந்தார்.

"மாமா, நம்ம ஏரிக்கு மீன் குஞ்சு குடுக்கப் போறாங்கோ. கட்லாவாம், ரோகுவாம். வடக்க கங்கைல கீற மீனு. ஒரு வருசத்துல இம்மாம் பெருசு ஆவுமாம்." தோளிலிருந்து விரல் நுனிவரை காட்டினார். "தூக்கினு போயி உடறதுக்கு ஆளுங்க வேணுமாம். கூலி இல்ல. ஊருக்காவ செய்யறது."

"கூலி இல்லாத வேலைதான நான் இப்போ பாத்துகினு கீறேன்," என்றார் நைனா. "இதையும் பாப்போம்."

ஐப்பசி மாதம் முதல் மழை பிடித்து ஏரி முக்கால்வாசி நிறைந்திருந்தது. மீன் குஞ்சு லாரி பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஏரிவரை வண்டிப்பாதை முழுக்கச் சேறு. அதற்குத்தான் ஆட்கள். குடம், அண்டா, கழுவிய எண்ணெய் டின் என்று அவரவர் வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு ஊரே ரோட்டுக்கு வந்திருந்தது. அம்மா வரவில்லை. அவளுக்கு அப்போது மசக்கை. காலையிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

மீன் ஆபீஸர் இளம் வயதுக்காரர். பேண்டை முழங்கால்வரை மடித்துவிட்டு எங்களோடு சேற்றில் நின்றார். அசையாத தண்ணீரில் குஞ்சுகளுக்கு மூச்சு முட்டிவிடும், வழி நெடுகக் கையை விட்டு அலசிக்கொண்டே போக வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். நைனாவும் மாமாவும் எங்கள் அண்டாவைக் கயிறு கட்டி ஒரு மூங்கிலில் தொங்கவிட்டு, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தோள் கொடுத்துக்கொண்டார்கள். நடுவில் நடந்து தண்ணீரை அலசுகிற வேலை எனக்கு. விரல் இடுக்குகளில் குஞ்சுகள் குறுகுறுவென்று ஓடின. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாதி தூரம் போவதற்குள் சில குஞ்சுகள் வயிற்றைத் திருப்பி வெள்ளையாக மிதக்க ஆரம்பித்தன. மழை தூறிக்கொண்டிருந்தது. மாமா நிற்காமல் போகச் சொன்னார். செத்த குஞ்சுகளை நான் பொறுக்கி வரப்பில் போட்டுக்கொண்டே நடந்தேன். காக்கைகள் எங்கள் பின்னாலேயே வந்தன.

ஏரியில் அப்படியே கவிழ்க்க ஆபீஸர் விடவில்லை. அண்டாவைத் தண்ணீரில் இறக்கி, விளிம்பைச் சாய்த்து, ஏரித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும்படி பிடிக்கச் சொன்னார். குஞ்சுகள் வெளியே போக மனமில்லாததுபோல அடியில் கூட்டமாக ஒதுங்கி நின்றன. நைனா இடுப்பளவு தண்ணீரில் அண்டாவைப் பிடித்தபடி வெகுநேரம் குனிந்தே நின்றார். முதலில் ஒன்று போயிற்று. பிறகு நாலைந்து. பிறகு கண்ணால் பார்க்க முடியாமல் எல்லாமே கலங்கல் தண்ணீரில் கரைந்துபோயின.

"போங்க. பொழச்சி கெடங்க," என்றார் நைனா. மில் மூடிய பிறகு அவர் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் முடிந்ததும் ஆபீஸர் கரைமேல் ஏறி நின்று பேசினார். "இது உங்க ஏரி. இது உங்க மீன். ஏழெட்டு மாசம் யாரும் வலையோ தூண்டிலோ போடாம இருந்தீங்கன்னா, வர்ற கோடையில ஊரே சாப்பிடலாம். கை தூக்குங்க பார்ப்போம்." எல்லோரும் கை தூக்கினார்கள். மீன் நாற்றம் அடிக்கிற கையை நானும் தூக்கினேன். அவர் பொய் சொன்னதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அவர் நம்பித்தான் சொன்னார்.

நைனா தூண்டிலைக் கூரைக்குள் செருகி வைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஏரி மீன் இல்லை.

கார்த்திகையில் பெருமழை பிடித்தது. ஏரி நிரம்பி, உபரி நீர் போகிற கலங்கல் வழியாக வழிய ஆரம்பித்தது. மிச்சத் தண்ணீரோடு மீனும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று ஊர் ஆண்கள் மூங்கிலைப் பிளந்து தட்டி முடைந்து, வழிகிற இடத்தில் குறுக்கே கட்டினார்கள். கட்டின தட்டியை வெள்ளம் சாய்க்கும். மறுபடி கட்டுவார்கள். நைனாவும் மாமாவும் மாற்றி மாற்றித் தண்ணீரிலேயே கிடந்தார்கள். நைனாவுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போயும் இருமல் போகவில்லை.

"மில்லுக்காரனுக்குக்கூட நீ இப்பிடி ஒழைக்கலயே," என்றாள் அம்மா, கஷாயம் காய்ச்சிக்கொண்டே.

"அது அவன் மில்லு," என்றார் நைனா.

தை பிறந்ததும் பக்கத்து ஊர்க்காரர்கள் வலையோடு வந்தார்கள். நைனாவும் மாமாவும் கரையில் வழிமறித்து நல்லபடியாகவே பேசித் திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலம் கரைமேல் உட்கார்ந்து மீன் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எது எந்த மீன் என்று பந்தயம் கட்டுவார்கள். பிடிப்பதைவிடப் பார்ப்பதில் அவர்களுக்கு அதிக சந்தோஷம் இருந்ததுபோலத் தெரிந்தது.

மாசி மாதம் தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏரி மீனை ஏலம் விடப் போகிறார்களாம். மாமா விசாரித்துக்கொண்டு வர ஆபீசுக்கு ஓடினார். அந்த இளம் ஆபீஸர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் பொறுமையாகவே விளக்கினாராம். சர்க்கார் மீன் விடாத ஏரி எப்படியோ போகட்டும், சர்க்கார் மீன் விட்ட ஏரியை ஏலம் விடத்தான் வேண்டும், அதுதான் சட்டம் என்று. கட்லா மட்டுமா என்று மாமா கேட்டிருக்கிறார். தண்ணீருக்குள் இருக்கிற எல்லாமே என்று பதில் வந்தது. கெளுத்தி, குறவை, விரால் எல்லாமே. மீன் விடாமலே இருந்திருந்தால் எங்கள் பழைய மீனாவது எங்களுக்கு இருந்திருக்கும்.

மாமா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நைனா கோபப்படவில்லை. இருமினார். "அப்ப நாம தட்டி கட்னது யாருக்கு?" என்று மட்டும் கேட்டார். கேள்வி மாமாவைப் பார்த்து இல்லை.

ஏலம் எடுத்தவர் பட்டணத்துப் பக்கம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. வந்த அன்றைக்கே ஏரிக்கரை அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினார். நாட்டாமைக்காரர்கள் போய் முறையிட்டதற்கு, "சர்க்கார் ஏலம் உட்டாங்கோ, நான் எடுத்தேன். நானு இன்னா தப்பு பண்ணேன், சொல்லுங்க," என்று கைகூப்பினார். யாராலும் ஒரு தப்பும் சொல்ல முடியவில்லை. ஏரியைத் தெரிந்த, படித்த ஓர் ஆள் காவலுக்கு வேண்டும் என்று அவர் கேட்டபோது எல்லோரும் மாமாவைக் காட்டினார்கள்.

அன்று மாமா வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னா மாமா செய்யட்டும்?"

நைனா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. அவள் அடுப்படியிலிருந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிசிப் பானையில் என்ன இருந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"எவனோ ஒர்த்தன் ஒக்காரப் போறான்," என்றார் நைனா. "அதுக்கு நீயே ஒக்காரு."

மாமாவுக்கு ஒரு காக்கிச் சட்டை, ஒரு விசில், ஒரு தடி கொடுத்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் நைனா ஒரு கணம் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். வயிறு சரியில்லையோ என்று நினைத்தேன். ஏரிப்பக்கம் போவதை அவர் நிறுத்திவிட்டார்.

சித்திரைக் கடைசியில் தம்பி பிறந்தான். எலிக்குஞ்சு மாதிரி இருந்தான். அழுவதற்குக்கூட அவனுக்குச் சத்தம் வரவில்லை. அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. பிரசவம் பார்த்த ஆயா வந்து அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நைனாவிடம் சொன்னாள்.

"ஒடம்புல ஒண்ணியும் இல்ல. பாலு எங்கேர்ந்து வரும்? நல்ல மீனா வாங்கியாந்து கொழம்பு வெச்சிக் குடு. நாலு வேளை சாப்ட்டா எறங்கும்."

வழக்கமாகப் பழவேற்காட்டிலிருந்து ஒருவர் சைக்கிளில் கூடை வைத்து மீன் கொண்டுவருவார். அந்த வைகாசியில் கடலில் புயல் மையம் கொண்டிருந்தது. யாரும் கட்டுமரம் இறக்கவில்லை. சைக்கிள்காரரைக் காணோம். நைனா பெரிய ரோடுவரை போய் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். தம்பிக்குச் சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள் அம்மா.

மாமா ஏலம் எடுத்த முதலாளியிடம் ஒரு மீன் கேட்டுப் பார்த்தார். மறுநாள் வலை இறக்கப்போவதாக இருந்தது. லாரியும் ஆட்களும் வந்துவிட்டிருந்தார்கள். கேட்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொல்லாமல் நைனாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஒண்ணு குடுத்தா ஊரே கை நீட்டும்ன்றாரு. லாரி ஏறுற வரைக்கும் ஒண்ணியும் வெளிய போவக் கூடாதாம். அப்பால பாக்கலாம்ன்றாரு."

"யாருக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன். எங்க அக்காவுக்குன்னு சொன்னேன்."

நைனா தலையை ஆட்டினார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நைனா என்னை எழுப்பினார். கூரையிலிருந்து தூண்டிலை உருவி எடுத்திருந்தார். புல் சுமக்கிற கூடையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தவிட்டையும் பழைய சோற்றையும் பிசைந்து உருண்டை பிடித்து என் கையில் கொடுத்தார். மாமா ஏரியின் வடக்கு மூலையில், லாரி நிற்கிற இடத்தில் இருப்பார் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் தெற்கே, கோரைப்புல் மண்டிக்கிடந்த பக்கமாக இறங்கினோம். கோடையில் ஏரி வற்றிக் குட்டைபோல நடுவில் ஒடுங்கியிருந்தது.

அதிக நேரம் ஆகவில்லை. தூண்டில் வளைந்தது. நைனா முழங்காலளவு சேற்றில் இறங்கி இரண்டு கையாலும் அணைத்து அதைக் கரைக்குக் கொண்டுவந்தார். பெரிய தலை, வெள்ளி வெள்ளியாகச் செதில். என் கை நீளம் இருந்தது. மாமா அன்றைக்குக் காட்டியதில் பொய் இல்லை. நைனா அதைப் புல்லில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இம்மாம் பெருசாயிட்டியா நீ," என்றார் அதனிடம்.

கூடையில் போட்டுப் புல்லால் மூடினோம். கூடையை என் தலையில் ஏற்றிவிட்டார். கரைமேல் ஏறித் திரும்பினால் எதிரே முதலாளி வந்துகொண்டிருந்தார். வலை இறக்க இடம் பார்க்க நடந்து வந்திருக்கிறார். கூட லாரி ஆட்கள் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் காக்கிச் சட்டையில் மாமா.

நைனா ஒதுங்கி வழிவிட்டார். அவர்களும் தாண்டிப் போய்விட்டிருப்பார்கள். மீனுக்கு உயிர் இருந்தது. என் தலைமேல் கூடை ஒரு உதறு உதறியது. நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். லாரி ஆள் ஒருவன் நின்று, திரும்பி வந்து, கூடையை எடுத்துக் கவிழ்த்தான். புல்லுக்கு நடுவில் மீன் விழுந்து மண்ணில் புரண்டது.

முதலாளி கோபத்தில் கத்தவில்லை. மீனைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார். பிறகு மாமாவைத் திரும்பிப் பார்த்து, "யாருய்யா இவன்?" என்றார்.

மாமா மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஊரு ஆளுதான் மொதலாளி."

"ஊரு ஆளுன்னு தெரியுது. ஒன்ன காவலுக்கு வெச்சா ஊரு ஆளு கூடைல வாரிகினு போறான். எத்தினி நாளா நடக்குதோ." லாரி ஆட்களிடம் சொன்னார், "லாரில ஏத்து. ஸ்டேசன்ல உடுவோம். பொண்ணையும் ஏத்து. அங்க கேட்டா சொல்லுவா இன்னும் யார் யாருன்னு."

ஒருவன் நைனாவின் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்துக் கழுத்தைச் சுற்றினான். இன்னொருவன் என் கையைப் பிடித்தான். அவன் பிடி எலும்புவரை வலித்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

அப்போதுதான் மாமா பின்னாலிருந்து வந்தார். வந்த வேகத்தில் நைனாவின் கன்னத்தில் அறைந்தார். அந்தச் சத்தம் ஏரிக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

"யாரக் கேட்டுடா கை வெச்ச? யாரக் கேட்டு?"

மறுபடியும் அறைந்தார். தடியை ஓங்கி முதுகில் ஒன்று போட்டார். நைனா மண்ணில் முட்டி போட்டு விழுந்தார். துண்டைப் பிடித்திருந்தவன் தன்னையறியாமல் கையை விட்டுவிட்டு ஒதுங்கினான். என் கையைப் பிடித்தவனும் விட்டுவிட்டான். முதல் அடி விழுந்தபோது நைனா மாமாவின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். கை ஓங்கவில்லை, தடுக்கவும் இல்லை.

நான் ஓடிப்போய் நைனாவைக் கட்டிக்கொண்டேன். 'மாமா, அடிக்காத மாமா' என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். 'மாமா' என்ற அந்தச் சொல் வெளியே வருவதற்குள் நைனா என் தலையைப் பிடித்துத் தன் மார்போடு அழுத்திக்கொண்டார். சட்டை போடாத அவர் மார்பில் என் வாய் பொத்திக்கொண்டது. மூச்சு முட்டியது. நான் திமிறத் திமிற இன்னும் அழுத்தினார். அடிக்கிறவனை விட்டுவிட்டு என்னை எதற்கு இப்படி நெரிக்கிறார் என்று எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது.

"போதும் உடுய்யா," என்று முதலாளியின் குரல் கேட்டது. "செத்துகித்து வெக்கப் போறான்."

"இனிமே இந்தப் பக்கம் தலைய காட்ட மாட்டான் மொதலாளி. நானு பாத்துக்கறேன். ஸ்டேசனுக்குப் போனா இன்னிக்குப் பூரா அதுலயே போய்டும். வலை எறக்கற நேரம்." மாமாவுக்கு மூச்சு வாங்கியது. பிறகு நைனாவைப் பார்த்து, "யேய், போடா ஊட்டுக்கு," என்றார்.

லாரி ஆள் மீனின் செவுளில் விரலைக் கோத்துத் தூக்கிக்கொண்டு போனான். அவர்கள் வடக்குப் பக்கமாகப் போனார்கள். மாமாவும் அவர்களோடு போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, தூரத்திலிருந்து பார்த்தவர்கள் மூலம் சேதி வந்துவிட்டிருந்தது. அம்மா குழந்தையை மடியில் வைத்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நைனாவின் கன்னத்தைப் பார்த்தாள். தண்ணீர் காய வைக்க எழுந்தாள். நைனா உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டார்.

பகல் முழுவதும் ஏரிப்பக்கம் சத்தமாக இருந்தது. வலை இழுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடினார்கள். ஊரே கரையில் நின்று பார்த்ததாம். ஐஸ் பெட்டிகளில் அடுக்கி லாரியில் ஏற்றினார்களாம். தட்டி கட்டினவர்களும் குடம் தூக்கினவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொரு பெரிய மீன் வரும்போதும் ஆச்சரியப்பட்டார்களாம். முதலாளி மறக்காமல் கடைசியில் ஊருக்கென்று கொஞ்சம் பொடிமீனை ஒரு கூடையில் விட்டுப் போனார். அதை வாங்க எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

தம்பி அந்த வைகாசியைத் தாண்டவில்லை. அன்றைக்கு அந்த மீன் வீட்டுக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா தன் வாழ்நாளில் அதைப் பற்றிப் பேசியதில்லை. மாமா அந்தக் குத்தகை முடியும்வரை காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. கழற்றினால் எங்களுக்குச் சோறில்லை. பிற்பாடு கம்பெனிகள் வந்தபோது கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொங்கலுக்கு வருவார். நைனா இருந்தவரை அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்பார்கள். அவள் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை சொல்வாள். இருமல் முற்றி நைனா போனபோது முன்னால் நின்று பாடைக்குத் தோள் கொடுத்தவர் மாமாதான்.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மாமா வந்தார். உடம்பெல்லாம் மீன் நாற்றம். காக்கிச் சட்டையில் செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வாசலிலேயே நின்றார். அம்மா அவரைத் திட்டுவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று நான் காத்திருந்தேன்.

"கை கால் கழுவிகினு வா. சோறு போடறேன்," என்றாள் அம்மா.

அவர் வந்து உட்கார்ந்தார். அம்மா தட்டை வைத்தாள். கத்தரிக்காய்க் குழம்பு. எனக்கும் பக்கத்திலேயே தட்டு வைத்தாள். நான் தட்டை இழுத்துக்கொண்டு அவரைவிட்டு நகர்ந்து மூலைக்குப் போனேன். மாமா சோற்றில் கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார். அவருடைய வலது உள்ளங்கை வீங்கியிருந்தது. சோற்றைப் பிசைகிற மாதிரி விரல்கள் அசைந்தனவே தவிர வாய்க்குப் போகவில்லை. அம்மா எதிரே உட்கார்ந்து கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் சும்மா துழாவிக்கொண்டிருந்தாள். குழந்தை மெல்ல முனகியது.

உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நைனா இருமினார். இருமி முடித்துவிட்டு, திரும்பாமலே சொன்னார்.

"அவனுக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து."

அம்மா ஊற்றினாள். மாமா தலையை நிமிர்த்தாமல், தட்டிலிருந்த அத்தனையும் வாரி வாரிச் சாப்பிட்டார். கண்ணீரும் மூக்கும் சோற்றில் ஒழுக ஒழுகத் துடைத்துக்கொள்ளாமல் சாப்பிட்டார்.

நான் எழுந்து என் தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் நின்றேன். ஊர் பார்க்க அடித்தவனுக்கு எதற்கு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நைனாவுக்கு ரோஷம் இல்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.